கோலார் தங்கவயல்: ஊரும் கட்டடங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கவயலைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியேதான் கேள்விகள் இருக்கின்றன. தங்கம் எவ்வளவு கிடைத்தது என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்த ஊர் ஏன் அப்படிக் கட்டப்பட்டது, யார் எங்கே குடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் தங்கத்தின் கதையே விளங்கும் என்பது என் எண்ணம். அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளும்.

கோலார்னாலும் கேஜிஎஃப்-னாலும் ஒரே ஊர்தானே?

இல்லை. கோலார் என்பது மாவட்டத் தலைநகர், பழைய கோயில் ஊர். கேஜிஎஃப் (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) எனப்படும் தங்கவயல் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சென்னைப் பக்கமிருந்து ரயிலில் போனால் பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் போகும் கிளைப்பாதையில் ஏற வேண்டும்.

தங்கவயலும் ஒரே ஊர் இல்லை. உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், கோரமண்டல், நந்திதுர்க், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை எனப் பல குடியிருப்புகள் சேர்ந்ததுதான் தங்கவயல்.

தங்கம் இருக்குன்னு வெள்ளைக்காரங்கதான் கண்டுபிடிச்சாங்களா?

அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே தங்கம் எடுத்திருக்கிறார்கள். நவீனச் சுரங்கம் தோண்டியவர்கள் பல இடங்களில் பழைய குழிகளின் மேலேயேதான் இறங்கினார்கள். பழைய ஆட்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள் என்றே சொல்லலாம்.

திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் இங்கே தங்கம் பற்றிய பேச்சைக் கேட்டார். தங்கம் காட்டுபவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். உரிகம் கிராமத்து மக்கள் மண்ணை வண்டியில் கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். ஆக, வாரன் செய்தது எழுதி வைத்தது. தங்கத்தைக் காட்டியது ஊர்க்காரர்கள். அந்தக் குறிப்பைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தவர்தான் பெங்களூரில் குடியேறிய அயர்லாந்துப் படைவீரர் மைக்கேல் லாவெல். 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அவரிடம் அதற்கு வேண்டிய பணம் இல்லாததால் உரிமை வேறு கைகளுக்குப் போனது.

ஜான் டெய்லர் கம்பெனி எப்போ வந்தது?

1880-ல். லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை ஏற்றது. உடனே தங்கம் கொட்டிவிடவில்லை. சில ஆண்டுகள் பணம் கரைந்துகொண்டே போய், அதன் நிர்வாகத்தில் இருந்த மைசூர் சுரங்கக் கம்பெனியைக் கலைத்துவிடலாமா என்று பங்குதாரர்கள் யோசிக்கும் நிலை வந்தது. 1880-களின் நடுவில், கேப்டன் ப்ளம்மர் என்ற சுரங்க அதிகாரியின் மேற்பார்வையில் பழைய குழிகளுக்குக் கீழே இறங்கியபோதுதான் சாம்பியன் எனப்படும் வளமான தங்கப் படிவம் அகப்பட்டது.

அப்புறம் ஊர் வளர்ந்த வேகம் மலைக்க வைக்கும். 1891-ல் 7,000 அளவில் இருந்த மக்கள்தொகை 1901-ல் 38,000-ஐத் தாண்டியது. பத்தே ஆண்டில் இத்தனை பேருக்கு எங்கே வீடு கிடைத்தது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் இதைத்தான் சுற்றி வருகின்றன.

அது மைசூர் மகாராஜா ராஜ்ஜியம்தானே? அப்புறம் ஏன் காலனி ஊர்னு சொல்றீங்க?

நல்ல கேள்வி. நிலம் மைசூர் சமஸ்தானத்துடையது. கம்பெனிகள் சமஸ்தானத்துக்கு ராயல்டி கட்டின. ஆனால் முதலீடும் நிர்வாகமும் லண்டன். எடுத்த தங்கமும் கப்பலேறி லண்டனுக்குத்தான் போனது. 1897-ல் மைசூர் அரசு கொண்டு வந்த சுரங்கச் சட்டம், கணக்கில் வராத தங்கத் தாதுவைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளியை உடம்பைத் தடவிச் சோதனை போட்டார்கள். காவல் கம்பெனியின் கையில், குடியிருப்பும் கம்பெனியின் கையில். மகாராஜாவின் கொடி பறந்தாலும் அன்றாட வாழ்க்கை காலனி வாழ்க்கைதான்.

கர்நாடகத்துல இருக்கிற ஊர்ல எப்படி இவ்வளவு தமிழ்?

பூமிக்கு அடியில் இறங்கிப் பாறை உடைக்க ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் மேஸ்திரிகள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். ஊரில் நிலமில்லை, கூலி நிச்சயமில்லை, பஞ்சம் ஒரு பக்கம், சாதிக் கொடுமை ஒரு பக்கம். இங்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லாவிட்டாலும் மாதச் சம்பளம் இருந்தது. அந்தச் சம்பளம் பண்ணையார் கையிலிருந்து வரவில்லை என்பதும் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

அயோத்திதாசரின் தமிழ் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியதற்கு இதுதான் காரணம். இங்கே சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. அவர் எழுத்துகள் நூல்களாக அச்சேறியதில் தங்கவயல் தொழிலாளர்களின் பணத்துக்கும் உழைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. தமிழ் அறிவு வரலாற்றில் இந்தச் சுரங்க ஊருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஊருக்கு நடுமையம்னே எதுவும் இல்லையே, ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கு?

தங்கப் படிவம் வடக்கு தெற்காக நீளமாக ஓடுகிறது. அதன் மேலேயே வரிசையாகச் சுரங்கங்கள் இறங்கின: மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், இன்னும் சில. ஒவ்வொரு சுரங்கமும் தனிக் கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் தன் ஷாஃப்ட் (பூமிக்குள் இறங்கும் சுரங்கக் குழி), தன் ஆலை, தன் பங்களாக்கள், தன் தொழிலாளர் லைன் (வரிசை வீடுகள்). சாதாரண ஊர் கோயிலையோ குளத்தையோ சந்தையையோ சுற்றி வளரும். இங்கே ஷாஃப்டைச் சுற்றி வளர்ந்தது. இரும்புச் சட்டங்களால் ஆன ஷாஃப்ட் கோபுரம்தான் ஒவ்வொரு குடியிருப்பின் அடையாளம். சங்கு ஊதினால் ஷிப்ட், சங்கு ஊதினால் வீடு.

திட்டமிட்டுப் போடப்பட்ட பகுதி ராபர்ட்சன்பேட்டை. சுரங்க நிலத்தில் நெரிசல் தாங்காமல், பிளேக் பயமும் சேர்ந்துகொள்ள, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சமஸ்தான அரசு புதுக் குடியிருப்பை உருவாக்கியது. அப்போது மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரை வைத்தார்கள். நேர்த் தெருக்கள், குறுக்குத் தெருக்கள், நடுவே கடைத்தெரு. இன்றைக்கும் எம்.ஜி. மார்க்கெட் பக்கம் நடந்தால் அந்த ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். கம்பெனி நிலத்தில் தொழிலாளிக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. ராபர்ட்சன்பேட்டையில்தான் வியாபாரியும் குமாஸ்தாவும் சொந்த வீடு கட்ட முடிந்தது.

குட்டி இங்கிலாந்துன்னு சொல்றாங்களே, பங்களாக்கள்ல என்ன விசேஷம்?

கடல் மட்டத்திலிருந்து உயரமான பகுதி என்பதால் தட்பவெப்பம் மிதமானது. வந்த ஆங்கிலேயர்கள், குறிப்பாகக் கார்ன்வால் பகுதியின் சுரங்கக்காரர்கள், தங்கள் ஊரை நினைவுபடுத்தும்படி கட்டிக்கொண்டார்கள். சரிந்த ஓட்டுக் கூரை, புகைபோக்கி, முன்புறம் அகலமான வராண்டா, மரச்சட்டங்களைக் குறுக்காகப் பின்னிய தடுப்பு, ஜன்னலுக்கு மேலே பழைய பெங்களூர் வீடுகளில் காண்கிற கூர்முகட்டு மர மறைப்பு, சுற்றிலும் பெரிய தோட்டம். சுவர் கனமாக இருக்கும், கூரை உயரமாக இருக்கும், காற்று தாராளமாக வந்துபோகும். கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயங்கள், மருத்துவமனை எல்லாம் உண்டு. மரவேலையின் நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் பங்களாக்களிலும் படிநிலை உண்டு. சூப்பரின்டென்டென்ட் பங்களா மேட்டில், பெரிய வளாகத்தோடு. அதற்குக் கீழே ஐரோப்பியச் சுரங்கக்காரர்களின் சிறிய பங்களாக்கள். பிறகு ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்பு, அப்புறம் இந்தியக் குமாஸ்தாக்கள். யார் வீடு எவ்வளவு உயரத்தில், எவ்வளவு மரநிழலில் இருக்கிறது என்று பார்த்தாலே வேலையும் நிறமும் தெரிந்துவிடும். குட்டி இங்கிலாந்து என்ற பெயர் இந்த ஊரின் மிகச் சிறிய பகுதிக்குத்தான் பொருந்தும். மீதி ஊருக்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

லைன் வீடு, தட்டி வீடுன்னு பெரியவங்க சொல்வாங்க. அது என்ன?

மூங்கில் தட்டிகளைச் சுவராக நிறுத்தி, மேலே கூரை போட்ட ஒற்றை அறைதான் தட்டி வீடு. ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசை வரிசையாக நிற்கும்; அந்த வரிசைதான் லைன். சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம் அந்த ஒரே அறையில். ஷிப்ட் முறை என்பதால் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் வேலைக்குக் கிளம்புவார். பக்கத்து வீட்டுப் பேச்சு தட்டி வழியே அப்படியே கேட்கும். கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் பொது. ஊரே பெருகிய அந்தப் பத்தாண்டில் வந்தவர்களுக்குக் கிடைத்த வீடு இதுதான்.

பிற்காலத்தில் கம்பெனிகள் செங்கல், கல் சுவரும் ஓடும் போட்ட வரிசை வீடுகளைக் கட்டின. பல பழைய லைன்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. முன்னால் ஒரு சின்னத் திண்ணை, பின்னால் ஒரு சாய்ப்பு, பக்கவாட்டில் கூட்டிய ஓர் அறை என்று அவரவர் கைப்பணத்தில் சேர்த்தவை. கட்டடக் கலை பற்றி எழுதுபவர்கள் பங்களாவைப் படம் பிடித்துவிட்டு இந்த லைன்களைத் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான்கு தலைமுறையாக மக்கள் தங்கள் கையாலேயே திருத்தித் திருத்தி வாழ்ந்த கட்டடங்கள் இவை. ஆவணப்படுத்த வேண்டிய அவசரம் இவற்றுக்குத்தான் அதிகம்.

ஆசியாவிலேயே முதல்ல கரண்ட் வந்த ஊர் கேஜிஎஃப்-னு படிச்சேன். உண்மையா?

அப்படிச் சொல்வது சரியில்லை. ஜப்பானில் 1880-களிலேயே மின்விளக்கு எரிந்தது. இந்தியாவில்கூட டார்ஜிலிங்கில் 1897-ல் நீர்மின் நிலையம் வந்துவிட்டது.

உண்மையான பெருமை வேறு, அதுவும் சின்னதல்ல. காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902 ஜூனில் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிய 1905 ஆனது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவான திட்டம் இது. மின்சாரம் வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். மின்சாரம் வந்தது இயந்திரங்களுக்காக, மக்களுக்காக அல்ல. பங்களாக்கள் ஒளிர்ந்த பிறகும் தட்டி வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

ரயிலும் தண்ணீரும் சுரங்கத்துக்காகவா வந்தது?

ஆமாம். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் ரயில் கிளை 1894-ல் திறக்கப்பட்டது. தண்ணீர், பாலாற்றின் மேல் இருக்கும் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வந்தது. அந்த ரயில் பாதைதான் இப்போது ஊரை உயிரோடு வைத்திருக்கிறது. தினமும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள்.

எவ்வளவு ஆழம் போனாங்க? கீழே எப்படி இருக்கும்?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகப் பல காலம் இருந்தது. கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டில் இறங்கி, மாறி இன்னொரு கூண்டில் இறங்கி, பிறகு நடந்து வேலையிடம் போக வேண்டும். அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பாமல் மனிதர் அங்கே நிற்கவே முடியாது.

வெப்பத்தை விடப் பயந்தது ஏர்பிளாஸ்டுக்குத்தான். பெருஞ்சுமை தாங்கி நிற்கும் பாறை, தோண்டிய வெற்றிடத்தை நோக்கித் திடீரென்று வெடித்துச் சிதறுவது அது. முன்னறிவிப்பு கிடையாது. பெரிய வெடிப்பு நடந்தால் மேலே ஊரே குலுங்கும், வீட்டுச் சுவரில் விரிசல் விடும், பாத்திரங்கள் உருளும். அந்தச் சத்தம் கேட்டதும் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள்.

விபத்து இல்லாம தப்பிச்சவங்க நல்லா இருந்தாங்களா?

பலரால் முடியவில்லை. பாறை துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வரும். இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் பதிவானது தங்கவயலில்தான். 1940-களில் நடந்த பரிசோதனையில், பார்க்கப்பட்ட தொழிலாளிகளில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் பாதிப்பு இருந்தது. நாற்பது வயதில் மூச்சு வாங்கும் அப்பாக்களையும், ஐம்பதில் தனியாகிவிட்ட அம்மாக்களையும் லைனுக்கு லைன் பார்க்கலாம் என்ற நிலை.

சைனைடு மலைன்னு சொல்றது நிஜ மலையா? அதுல விஷம் இருக்கா?

மலை இல்லை, கழிவு. தாதுவை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் மண்ணை நூறு ஆண்டுக்கு மேல் கொட்டிக் கொட்டி உருவான குன்றுகள் அவை. மொத்தம் 13 குன்றுகள், சுமார் 3.3 கோடி டன். காற்று காலத்தில் இந்த நுண்மணல் பறந்து வீடுகளுக்குள் படியும். மேலே சொன்ன சிலிக்காவும் இதில் இருக்கிறது. படம் எடுக்க ஏறுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சமிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ல் சம்மதம் கொடுத்தது.

கேஜிஎஃப் படத்துல காட்டற மாதிரி துப்பாக்கி முனையில அடிமையா வேலை வாங்கினாங்களா?

இல்லை. திரைக்கதை வேறு, வரலாறு வேறு. இங்கே நடந்தது கூலி வேலை. கொடுமை இருந்தது, ஆனால் அது சட்டமாகவும், கடனாகவும், உடல் சோதனையாகவும், ஒற்றை அறை வீடாகவும் இருந்தது. மக்களும் வாயடைத்து இருந்துவிடவில்லை.

1930-ல் தொழிலாளிகள் எல்லோரின் கைரேகையையும் பதிவு செய்ய கம்பெனிகள் முனைந்தன. குற்றவாளிகளுக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். அப்போது வலுவான சங்கம்கூடக் கிடையாது. மூன்று வாரம் நின்றார்கள், கம்பெனி பின்வாங்கியது. 1946-ல் கம்யூனிஸ்டுகள் தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது. அந்த நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளிகள் இறந்தார்கள். லைன் வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தது இங்கேதான் பயன்பட்டது. ஒரு செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு ஷிப்ட் நேரம் போதும்.

சுரங்கத்துக்குள்ள விஞ்ஞான ஆராய்ச்சி நடந்ததுன்னு சொல்றாங்களே?

நடந்தது. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ துகளை 1965-ல் இங்கே கண்டறிந்தார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் செய்த வேலை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே சமயம் இதே தேடல் நடந்தது. தங்கவயல் குழுவின் கட்டுரை ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தி வெளிவந்தது. அவ்வளவு ஆழத்தில் ஒரு கருவியை நிறுத்த முடிந்ததென்றால் அது தலைமுறைகளாகப் பாறை உடைத்தவர்கள் போட்ட வழி.

தங்கம் தீர்ந்து போனதாலதான் மூடினாங்களா?

முழுக்கத் தீரவில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு டன் தாதுவில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆழம் கூடக் கூட ஆட்களை இறக்கவும், காற்று அனுப்பவும், தண்ணீர் இறைக்கவும் ஆகும் செலவு ஏறியது. 1956-ல் மைசூர் மாநில அரசும், 1962-ல் மத்திய அரசும் பொறுப்பேற்றன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். 120 ஆண்டுகளில் எடுத்தது ஏறக்குறைய 800 டன் தங்கம்.

நஷ்டக் கணக்கைப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துப் பேச வேண்டும். நாட்டுடைமையான பிறகு பல ஆண்டுகள், இங்கே எடுத்த தங்கத்துக்கு உள்நாட்டுச் சந்தை விலை கொடுக்கப்படவில்லை. அதைவிடக் குறைந்த அரசு விலைக்கே கணக்கு வைத்தார்கள். நஷ்டத்தில் ஓடியது என்ற ஒரு வரிக்குள் இதை மறைத்துவிடக் கூடாது.

இப்போ போனா என்ன பார்க்கலாம்? சுரங்கத்துக்குள்ள விடுவாங்களா?

உள்ளே போக முடியாது. பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. ஷாஃப்ட் வளாகங்களும் வேலி போட்ட அரசு நிலம். அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். பல பங்களாக்கள் ஓடு சரிந்து, மரம் களவு போய்க் கிடக்கின்றன. சிலவற்றில் குடும்பங்கள் இருக்கின்றன, வாசலில் நின்று கேட்டுவிட்டுப் பாருங்கள்.

ஒரே நாள்தான் என்றால் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் ரயிலில் ஏறுங்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் வரிசையாக வரும். ஆறாவது பதிலில் சொன்ன அமைப்பு ஜன்னல் வழியாகவே புரிந்துவிடும். சாம்பியன் ரீஃபில் இறங்கினால் வெற்றி அன்னை தேவாலயத்தையும், பக்கத்து லைன்களையும் நடந்தே பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் போனால் 1946 தியாகிகளின் நினைவிடத்துக்கு வழி கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பழைய தொழிலாளி யாராவது அகப்பட்டால் எந்த ஷாஃப்டில் வேலை பார்த்தார் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை நேரம் கொடுங்கள். கடைசி ரயில் நேரத்தை முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.